ஸ்பெயினில் ஸ்பானிஷ் மொழி, இலக்கியம் டிகிரி: ஆவணம், செலவு, காலக்கணக்கு

ஸ்பெயினுக்கே போய் ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் பண்பாடும் டிகிரியாகப் படிக்க மார்க் பெரிய தடையில்லை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இருக்கிற முட்டல் மோதல் இந்தத் துறைக்கு அங்கே கிடையாது. நுழைவு மதிப்பெண்ணை 14-க்குக் கணக்கிடுகிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பின் கட்-ஆஃப் குறைந்தபட்சமான 5-ஐ ஒட்டியே நிற்கும். ஒரு வருடத்தை விழுங்குவது காகிதவேலைதான். செப்டம்பரில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் முந்தைய வருடம் ஏப்ரல், மே மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

1. படிப்பின் பெயரைச் சரிபாருங்கள்

முதல் பொறி இங்கேதான். 'லெங்குவா இ குல்துரா எஸ்பஞோலா', அதாவது ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும் என்ற பெயரில் பெரிய பல்கலைக்கழகங்களே கோர்ஸ் நடத்துகின்றன. பெரும்பாலும் அவை வெளிநாட்டவருக்கான மொழி வகுப்புகள். முடிவில் பல்கலைக்கழக முத்திரையோடு சான்றிதழ் வரும். ஆனால் அது அரசு அங்கீகரித்த டிகிரி ஆகாது. அந்த வகைக்கு 'தீத்துலோ புரோபியோ' என்று பெயர்: பல்கலைக்கழகம் தன் பெயரில் தரும் பட்டயம். மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் அதை டிகிரியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் தேட வேண்டியது 'கிராதோ'. அது 4 வருடம், 240 கிரெடிட். இந்தத் துறைக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர் இல்லை. சலமான்காவிலும் கிரனாதாவிலும் 'ஃபிலோலொகியா இஸ்பானிக்கா', மத்ரித் கொம்ப்ளுதென்சேயில் 'எஸ்பஞோல்: லெங்குவா இ லித்தெராத்துரா', அல்காலாவில் 'எஸ்துதியோஸ் இஸ்பானிக்கோஸ்'. பாடங்கள் பெரிதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகங்கள், பட்டங்களுக்கான அரசுப் பதிவேடு 'ருக்ட்'டில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லாத படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

பார்சலோனா, வலென்சியா, சந்தியாகோ பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கெல்லாம் வட்டார மொழியும் ஆட்சிமொழி. ஸ்பானிஷ் இலக்கிய வகுப்பு ஸ்பானிஷில்தான் நடக்கும். ஆனால் மற்றத் துறை மாணவர்களோடு சேர்ந்து எடுக்கும் முதலாண்டுப் பொதுப் பாடம் கத்தலானிலோ கலிசியனிலோ இருக்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கியா தொசெந்தே' என்ற பாடவிவரக் குறிப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும். எந்த மொழியில் வகுப்பு என்பது அதில் தெளிவாக எழுதியிருக்கும்.

2. உங்கள் வழி எது?

உள்ளே போக நான்கு வழிகள். தவறான வழியில் கிளம்பினால் பாதியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பள்ளிப் படிப்பு மட்டும் முடித்தவர்கள்: பன்னிரண்டாம் வகுப்பை ஸ்பெயினின் 'பச்சியெராத்தோ'வுக்குச் சமமாக்கும் 'ஓமோலோகாசியோன்', அதோடு 'உனெத்' என்ற தேசியத் தொலைதூரப் பல்கலைக்கழகத்தின் உனெத்அசிஸ் பிரிவு வழியாக நுழைவு மதிப்பெண். இதுதான் நீளமான வழி. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளமா முடித்தவர்களுக்கு ஓமோலோகாசியோன் தேவையில்லை. உனெத்அசிஸ் தரும் சான்று போதும்.

கல்லூரியில் ஒரு வருடமாவது படித்தவர்கள்: நீங்கள் முடித்த பாடங்களில் குறைந்தது 30 கிரெடிட்டைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் நுழைவுத் தேர்வு இல்லாமலே சேரலாம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் பொறியியல் படித்தவரின் கணிதத் தாள்களை ஃபிலோலொகியாவில் யார் ஏற்பார்கள்? மொழி, இலக்கியம், வரலாறு, மொழியியல் படித்தவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்கள்: நான்கு வருடம் திரும்பப் படிப்பதற்கு முன் மாஸ்டர் படிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் 60 கிரெடிட், ஒரே வருடம். வெளிநாட்டு டிகிரிக்கு ஓமோலோகாசியோன் வேண்டியதில்லை. உங்கள் டிகிரி உங்கள் நாட்டில் மேற்படிப்புக்குத் தகுதி தருகிறதா என்று பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். வேறு துறைக்காரர் என்றால் கூடுதல் அடிப்படைப் பாடங்களைத் தலையில் கட்டலாம். ஸ்பானிஷை அந்நிய மொழியாகக் கற்பிக்கும் 'ஏலே' மாஸ்டர்தான் பலருடைய நோக்கத்துக்கு நேரான வழி. கிராதோவில் சேர்ந்து இரண்டு வருடம் போன பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும்.

நான்காவது, உனெத்தில் தொலைதூரக் கல்வி. அதே துறையில் அதிகாரபூர்வ டிகிரி அங்கேயும் உண்டு. ஆனால் தொலைதூரப் படிப்பை வைத்து மாணவர் விசா கிடைக்காது.

3. மொழித் தகுதி: தேதியை முதலில் குறித்துவிடுங்கள்

பல இடங்களில் கேட்பது பி2 (ஏ1 முதல் சி2 வரையான ஆறு ஐரோப்பிய மொழி நிலைகளில் நான்காவது). வகுப்பில் பின்தங்காமல் இருக்க வேண்டுமென்றால் சி1-ஐ நெருங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர்களுக்கு ஸ்பானிஷ் தாய்மொழி; ஆசிரியர் அவர்கள் வேகத்துக்குத்தான் பேசுவார்.

சான்றுக்கு இரண்டு தேர்வுகள். செர்வான்தெஸ் நிறுவனம் நடத்தும் 'தெலே' சான்றுக்குக் காலாவதி இல்லை. பி2 தேர்வில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 வேண்டும். ஒன்றில் 48 எடுத்து மற்றதில் 29 எடுத்தாலும் தோல்விதான். வீட்டிலிருந்து புத்தகம் வைத்துப் படித்தவர்கள் விழுவது இரண்டாவது தொகுதியில். கேட்டல் பகுதிக்கு 40 நிமிடம்தான், அதிலேயே வெவ்வேறு நாட்டு உச்சரிப்பு வரும். முடிவு வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

'சியெலே' கணினியில் எழுதுவது. முடிவு மூன்று வாரத்துக்குள் வந்துவிடும். தோல்வி என்பதே கிடையாது, மதிப்பெண்ணுக்கு ஏற்ற நிலையைத் தருவார்கள். சான்று 5 வருடம் செல்லும். நான்கு பகுதியும் சேர்ந்த 'குளோபல்' தேர்வையே எடுங்கள். தனிப் பகுதிச் சான்றைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம். நேரம் இருந்தால் தெலே, நெருக்கடி என்றால் சியெலே. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் சியெலே இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

4. ஆவணங்கள்

முதலில் பெயர். தமிழர்களுக்கு இங்கேதான் தனிச் சிக்கல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தை பெயர், இன்னொரு சான்றிதழில் முன்பின் மாறிய வரிசை என்றிருந்தால், ஸ்பெயின் அலுவலர் அவற்றை வெவ்வேறு ஆட்களாகத்தான் பார்ப்பார். அவர்கள் படிவத்தில் பெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டுமே நிரப்புங்கள். இரண்டாம் கட்டம் காலியாக இருக்கலாம். அதை நிரப்ப வேண்டுமே என்று தாயார் பெயரை எழுதிவிடாதீர்கள். ஒரு தடவை எழுதினால் அது அடுத்து வரும் வெளிநாட்டவர் அட்டை, பட்டம் வரைக்கும் ஒட்டிக்கொண்டே வரும். சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டால் இரண்டும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிச் சான்றை இப்போதே வாங்கி, மற்றவற்றோடு சேர்த்து அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல உங்கள் நாட்டு அரசு வைக்கும் சான்று முத்திரை) செய்துவிடுங்கள்.

அடுத்தது வரிசை. மூல ஆவணம், அதன்மேல் அப்போஸ்டில், அதன்பிறகே ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை முதலில் செய்தால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும். திரும்ப ஒருமுறை பணம். உங்கள் நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லையென்றால் வெளியுறவு அமைச்சகச் சான்று, பிறகு ஸ்பெயின் தூதரகச் சான்று என்று இரண்டு படி ஏற வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் 'திரதுக்தோர் ஹுராதோ'வாக இருக்க வேண்டும். ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் நியமித்தவர்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கும். பக்கக் கணக்கிலோ சொற்கணக்கிலோ வாங்குவார்கள். எல்லா ஆவணத்தையும் சேர்த்து ஒரே தடவை கொடுத்தால் விலை பேசலாம். பள்ளிக்குக் கடைசி வருட மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, அதற்கு முந்தைய வருடங்களுடையதும் கேட்பார்கள்.

குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றையும் மருத்துவச் சான்றையும் இப்போது எடுக்காதீர்கள். அவற்றுக்கு ஆயுள் சில மாதங்கள்தான். சீக்கிரம் எடுத்து வைத்தால் விசா நேரத்தில் காலாவதி ஆகியிருக்கும்.

5. ஓமோலோகாசியோனும் நுழைவுத் தேர்வும்

ஓமோலோகாசியோன் விண்ணப்பத்தைக் கல்வி அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் ஏறத்தாழ 50 யூரோ. முடிவு வரச் சில மாதங்கள் ஆகலாம், ஒரு வருடத்தைத் தாண்டவும் செய்யலாம். பயப்பட வேண்டாம்: விண்ணப்பம் கொடுத்ததற்கு 'வொலாந்தே' என்ற தற்காலிகச் சீட்டு உண்டு. அதை வைத்துத் தேர்வும் எழுதலாம், நிபந்தனையோடு சேரவும் செய்யலாம். ஆக, அவசரம் விண்ணப்பத்தைக் கொடுப்பதில்தான், அக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள். வொலாந்தேயில் அலுவலகப் பதிவு முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத சீட்டு வெறும் தாள்.

உனெத்அசிஸ் நடத்தும் தேர்வுக்கு 'பிசிஇ' என்று பெயர். வசந்த காலத்தில் பதிவு, மே இறுதி, ஜூன் வாக்கில் தேர்வு. செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்றாலும் அந்த வருடச் சேர்க்கைக்கு அது பெரும்பாலும் தாமதம். எத்தனை பாடம் எழுத வேண்டும், எதற்கு எவ்வளவு எடை என்பது பல்கலைக்கழகமும் மாநிலமும் சேர்ந்து தீர்மானிப்பது. எடைப் பட்டியலைப் பார்க்காமல் பாடம் தேர்ந்தெடுத்தால் நன்றாக எழுதிய தாளும் கணக்கில் வராது. ஃபிலோலொகியாவுக்கு ஸ்பானிஷ் மொழி இலக்கியம், ஸ்பெயின் வரலாறு, ஆங்கிலம் என்று எழுதுவது வழக்கமான சேர்க்கை. ஆங்கிலத் தாள் நமக்குக் கைவந்த மார்க், அதை விடாதீர்கள். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

6. ஜூலைச் சிக்கல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பொதுவான சேர்க்கை விண்ணப்பம், 'பிரேஇன்ஸ்கிரிப்சியோன்', ஜூன் ஜூலையில் நடக்கும். இடம் உறுதியாவது ஜூலையில். ஆனால் 2025 மே 20 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு விதிமுறைப்படி மாணவர் விசா விண்ணப்பத்தைப் படிப்பு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். வகுப்பு செப்டம்பர் தொடக்கத்தில் என்றால் ஜூலை தொடக்கத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இடமே இன்னும் வரவில்லை. விசாவுக்கு எதைக் காட்டுவது? போதாக்குறைக்கு ஆகஸ்ட் மாதம் ஸ்பெயின் அலுவலகங்கள் ஏறக்குறைய உறங்கிவிடும். மின்னஞ்சலுக்குப் பதில் செப்டம்பரில்தான்.

ஒரு வழி, வெளிநாட்டவருக்கு முன்கூட்டியே இடம் தரும் பல்கலைக்கழகமாகப் பார்ப்பது. குளிர்காலத்தில், வசந்தத்தில் தனி விண்ணப்பக் காலம் வைத்து, நிபந்தனைக்குட்பட்ட சேர்க்கைக் கடிதம் தருகிறவை உண்டு. பிப்ரவரியிலேயே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு இரண்டு கேள்வி எழுதிக் கேளுங்கள்: முன்சேர்க்கை உண்டா, கடிதம் எந்தத் தேதிக்குள் வரும்? மாஸ்டருக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. பல மாஸ்டர் படிப்புகளில் முதல் கட்டச் சேர்க்கை வசந்தத்திலேயே முடிந்துவிடும்.

கடிதம் வந்ததும் அதில் படிப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, முழுநேரப் படிப்பு என்ற குறிப்பு, கிரெடிட் எண்ணிக்கை நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் தூதரகம் திருப்பி அனுப்பும்.

7. விசா

நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய ஸ்பெயின் தூதரகத்தில்தான் கொடுக்க முடியும். சேர்க்கைக் கடிதம், பாஸ்போர்ட், படிவம், பணச் சான்று, இன்சூரன்ஸ், போலீஸ் சான்று, மருத்துவச் சான்று. கடைசி இரண்டும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு.

பணச் சான்று 'இப்ரெம்' என்ற அரசு அளவீட்டை வைத்து. அது மாதம் 600 யூரோ. 12 மாதத்துக்கு 7,200. திடீரென்று கணக்கில் விழுந்த பெரிய தொகை சந்தேகத்தைக் கிளப்பும், சில மாதங்களுக்கு முன்பே இருக்கட்டும். பெற்றோர் கணக்கு என்றால் அவர்கள் செலவை ஏற்கிறோம் என்று எழுதிய சான்றும் உறவுமுறைச் சான்றும் சேர்ந்து போக வேண்டும். 600 என்பது விசாவுக்கான கணக்கு. மத்ரித்திலோ பார்சலோனாவிலோ ஓர் அறை வாடகையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்; சலமான்கா, கிரனாதா போன்ற மாணவர் ஊர்களில்தான் அது ஓரளவு தாங்கும்.

நிராகரிப்புக்குப் பேர்போனது இன்சூரன்ஸ். பயண இன்சூரன்ஸ் செல்லாது. ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் முழு மருத்துவக் காப்பீடாக இருக்க வேண்டும். 'கோபாகோ' இருக்கக் கூடாது, அதாவது ஒவ்வொரு மருத்துவர் சந்திப்புக்கும் உங்கள் கையிலிருந்து பங்கு கட்டுவது. காத்திருப்புக் காலமும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லை என்று சான்றிலேயே எழுதி வாங்குங்கள். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனையும் இருக்கட்டும்.

மருத்துவச் சான்றில் 2005-ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதிமுறை குறிப்பிடும் நோய்கள் இல்லை என்ற வாசகம் வர வேண்டும். 'நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்' என்று பொதுவாக எழுதினால் ஏற்க மாட்டார்கள். தூதரகம் தரும் மாதிரி வாசகத்தை மருத்துவர் முன் வையுங்கள்.

8. ஃபீஸ்

கிரெடிட் கணக்கில் கட்டணம். விலையை நிர்ணயிப்பது ஒவ்வொரு தன்னாட்சி மாநிலமும். ஆந்தலூசியாவில் கிராதோவுக்கு முதல் பதிவில் கிரெடிட்டுக்கு 12.62 யூரோ, ஆக 60 கிரெடிட் வருடத்துக்கு 757.20. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் சில மாநிலங்கள் பல மடங்கு வாங்குகின்றன. இதில் ஒரு நுணுக்கம்: மாணவர் விசா தருவது 'எஸ்தான்சியா' எனும் தங்கல் அனுமதி, 'ரெசிதென்சியா' எனும் குடியிருப்பு ஆகாது. 'வெளிநாட்டுக் குடியிருப்பாளருக்கும் இதே கட்டணம்' என்ற வரியைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதில் நீங்கள் வர மாட்டீர்கள். கல்வி அமைச்சகத்தின் பொது உதவித்தொகையும் இதே காரணத்தால் கைக்கு எட்டாது.

தோற்ற பாடத்தை இரண்டாம் முறை எடுத்தால் கிரெடிட் விலை ஏறும், மூன்றாம் முறை இன்னும் அதிகம். அதனால் முதல் வருடம் அளவாகப் பதிவு செய்யத் தோன்றும். முழுநேரப் படிப்பு என்ற விசா நிபந்தனையை மறந்து குறைத்துவிடாதீர்கள். மறுபக்கம், ஒரு பாடத்தில் 'மத்ரிக்குலா தே ஓனோர்' வாங்கினால் அந்த அளவு கிரெடிட்டுக்குப் பொதுவாக அடுத்த வருடம் கட்டணம் இல்லை. 28 வயதுக்குக் கீழே இருந்தால் ரசீதில் 1.12 யூரோ மாணவர் காப்பீடு என்று ஒரு வரி வரும். விசா இன்சூரன்ஸுக்கு அது மாற்று ஆகாது.

வேலை பார்க்கலாம், வாரம் 30 மணி நேரம் வரை, படிப்பைக் கெடுக்காத நேரத்தில். அந்தச் சம்பளத்தை நம்பி ஃபீஸ் கணக்குப் போடுவது ஆபத்து.

9. இறங்கிய முதல் மாதம்

வீடு கிடைத்ததும் நகராட்சியில் 'எம்பாத்ரோனாமியெந்தோ', அதாவது முகவரிப் பதிவு. இதற்கு வாடகை ஒப்பந்தம் தேவை. சில உரிமையாளர்கள் பதிவுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், கொடுத்த பிறகு பயனில்லை.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாக்காரர்கள் உள்ளே வந்து ஒரு மாதத்துக்குள் 'தியே' எனும் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இஎக்ஸ்-17 படிவம், 790-012 கட்டண ரசீது (16 யூரோ அளவில்), புகைப்படம், பாஸ்போர்ட், முகவரிப் பதிவு. கஷ்டம் 'சீத்தா பிரேவியா' எனும் நேர ஒதுக்கீடு கிடைப்பதில். பெரிய நகரங்களில் எப்போது பார்த்தாலும் காலி இல்லை என்றே வரும். நாளின் வெவ்வேறு நேரத்தில், அதே மாகாணத்துக்குள் வேறு அலுவலகங்களிலும் முயலுங்கள். அது இலவசம், பணத்துக்கு விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். முயன்றதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைரேகை கொடுத்த பிறகு அட்டை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விசா முடிந்து, ஊருக்குப் போக நேர்ந்தால் 'ஔதோரிசாசியோன் தே ரெக்ரேசோ' வாங்காமல் கிளம்பாதீர்கள். திரும்ப விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

10. முதல் செமஸ்டரில் அடிவாங்கும் இடங்கள்

லத்தீன். ஸ்பானிஷ் படிக்க வந்த பலருக்கு முதல் அதிர்ச்சி இதுதான். பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டுக் கட்டாயப் பாடம். ஸ்பெயின் மாணவர்கள் பலர் பள்ளியிலேயே தொட்டிருப்பார்கள், நீங்கள் பூஜ்ஜியம். வருவதற்கு முன் பெயர்ச்சொல்லின் ஐந்து வகைகளையும் வேற்றுமைகளையும் மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள். எட்டு வேற்றுமை படித்த தமிழ்ப் பிள்ளைக்கு வேற்றுமை என்ற கருத்து புதிதல்ல. அது ஒரு சின்ன அனுகூலம்.

அடுத்து 'கொமெந்தாரியோ தே தெக்ஸ்தோ'. ஒரு கவிதையையோ உரைநடைப் பகுதியையோ கொடுத்து அதன் காலம், வகை, அமைப்பு, யாப்பு, அணி, மொழிநடை என்று குறித்த வரிசையில் எழுத வேண்டும். அழகான கட்டுரை எழுதினால் மார்க் வராது, அந்த வரிசைக்குத்தான் மார்க். சொனெத்தோ எனும் 14 அடிக் கவிதையில் அசை எண்ணத் தெரியாமல் தேர்வுக்குப் போகாதீர்கள்: ஸ்பானிஷில் அடுத்தடுத்த சொற்களின் உயிரெழுத்துகள் சேர்ந்து ஓர் அசையாகும், அடியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் விழும் இடத்தைப் பொறுத்து ஓர் அசை கூடும் அல்லது குறையும். சீர் பிரித்துப் பழகிய கை இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. 6 கிரெடிட் பாடம் குறைந்தது 150 மணி. அதில் வகுப்பு சிறுபகுதிதான், மீதி வாசிப்பு. ஸ்பானிஷ் இலக்கியத்தின் பொற்காலமான 16, 17-ஆம் நூற்றாண்டுப் பாடம் ஒன்றிலேயே பல முழுப் படைப்புகள் இருக்கும். குறிப்புரையுள்ள பதிப்பையே வாங்குங்கள்; 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிஷை அகராதி மட்டும் வைத்துப் படித்தால் பொருள் மாறிய சொற்கள் ஏமாற்றும்.

தேர்வு இரண்டு தடவை: 'ஓர்தினாரியா', தவறினால் 'எக்ஸ்த்ராஓர்தினாரியா'. 10-க்கு 5 தேர்ச்சி. தொடர் மதிப்பீடு உள்ள பாடத்தில் வருகைப் பதிவும் சேரும். அட்டைக்கான நேர ஒதுக்கீடு வகுப்பு நாளில் விழுந்தால் அலுவலகச் சான்றை வாங்கி ஆசிரியருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

கடைசி வருட ஆய்வுக் கட்டுரையும் முடிந்த பிறகு, பட்டத்துக்குத் தனிக் கட்டணம் கட்டினால்தான் அச்சுக்குப் போகும். கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பட்டத்துக்கு இணையான தற்காலிகச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அப்போஸ்டிலை ஸ்பெயினில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள், ஊருக்கு வந்த பிறகு அங்கே ஓர் ஆளைப் பிடித்து அலைய வேண்டியிருக்கும்.